குருதி சொன்னதும் நாம் கேட்டதும்

தமிழில் குருதி என்ற சொல் உடலோடு நின்றுவிடுவதில்லை. சித்த மருத்துவம் ஏழு உடல் தாதுக்களில் இரண்டாவதாகச் சாரத்துக்கும் ஊனுக்கும் இடையே செந்நீரை வைத்தது. நம் பேச்சுவழக்கோ அதை உறவாகவும் குலமாகவும் ஆக்கிக்கொண்டது. குருதியைக் கண்டதும் ‘நீ யார் வழி வந்தவன்?’ என்று கேட்கும் இப்பழக்கம் அறிவியலையும் விட்டுவைக்கவில்லை என்பதற்கு நம் நீலகிரி ஒரு சான்று.

1952இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் எழுதிய சிறு கட்டுரை ஒன்று வெளிவந்தது. லேமன் ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளின் காலத்தில் இங்கிலாந்தில் குடியேறியவர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவ மருத்துவராக இந்தியாவில் பணியாற்றியவர். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் தன்மை ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கே உரியது என்று அதுவரை பெரிதும் நம்பப்பட்டது. நீலகிரிப் பழங்குடியினரின் குருதியிலும் அது உண்டு என்று அக்கட்டுரை அறிவித்தது.

அணு ஏன் வளைகிறது என்பதை அறிய, மூச்சுக்காற்று உடலுக்குள் எவ்வாறு பயணம் செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிராணவாயு நீரில் எளிதில் கரைவதில்லை. ஒரு லிட்டர் குருதியில் வெறுமனே கரைந்து செல்வது சுமார் 3 மில்லி லிட்டர்தான். ஹீமோகுளோபின் இருப்பதாலேயே அது ஏறத்தாழ 200 மில்லி லிட்டராகிறது. ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றும் நான்கு புரதச் சங்கிலிகளின் கூட்டு. ஒவ்வொரு சங்கிலியிலும் பிராணவாயு வந்து அமர்வதற்கு இரும்பாலான ஓர் இருக்கை உண்டு. முதல் இருக்கை நிரம்பியதும் புரதத்தின் வடிவம் சற்றே மாற, மற்றவை விரைந்து நிரம்புகின்றன. கரியமில வாயு மிகுந்த திசுக்களை அடைந்ததும் பிடி தளர்ந்து சுமை இறங்குகிறது. பிடிப்பதைப் போலவே விடுவதும் ஹீமோகுளோபினின் தொழில். இம்மூலக்கூறின் கட்டமைப்பைப் பல்லாண்டு உழைத்துக் கண்டறிந்த மாக்ஸ் பெருட்ஸுக்கு 1962இல் நோபல் பரிசு கிடைத்தது.

அரிவாள் அணு நோயில் பழுது நேர்வது சுமையை இறக்கிய பின்னர்தான். பீட்டா சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில் ஆறாவது மட்டும் மாறியிருக்கிறது என்று 1957 அளவில் வெர்னன் இங்ராம் நிறுவினார். அந்த ஒரு மாற்றத்தால், பிராணவாயுவை இழந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. இழைகள் அணுவை வளைக்கின்றன. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கும்போது எலும்பைத் துளைப்பதுபோல் வலி எடுக்கிறது. 120 நாள் வாழவேண்டிய அணு 20 நாளுக்குள் சிதைகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் இம்மாற்றத்தைப் பெற்ற குழந்தைக்கே இத்துன்பம். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பும் பெறுவார் என்று 1954இல் ஆண்டனி அலிசன் காட்டினார்.

நீலகிரியின் குருதி அன்று இந்த வலிக்காகத் துருவப்பட்டதை விட வம்சாவளிக்காகவே அதிகம் துருவப்பட்டது எனலாம். இம்மரபணு அரேபியாவில் தோன்றி, மக்கள் பெயர்ச்சியால் இந்தியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் பரவியிருக்கலாம் என்று 1954இல் லேமன் எழுதினார். 1980களின் மரபணு ஆய்வுகள், இந்தியாவுக்கும் கிழக்குச் சவூதி அரேபியாவுக்கும் பொதுவான ஒரு வகை ஆப்பிரிக்க வகைகளிலிருந்து வேறுபடுவதைக் காட்டின. தோற்றங்கள் பல என்ற கருத்து வலுப்பெற்றது. 2018இல் முழு மரபணுத்தொகுதிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வோ, தோற்றம் ஒன்றே என்று மீண்டும் வாதிட்டது. அறுபத்து நான்கு ஆண்டுகளில் தீர்ப்பு இருமுறை திரும்பிவிட்டது. பிராணவாயு குறைந்தால் அணு வளையும் என்ற உண்மையோ இம்மியும் மாறவில்லை.

கோத்தகிரியிலும் கூடலூரிலும் சில தொண்டு அமைப்புகள் நெடுங்காலமாக இந்நோய்க்கு மருத்துவம் செய்துவருகின்றன. ஆனால் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலை 1 அன்றுதான் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கியது. நாற்பது வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதும், 2047க்குள் நோயை ஒழிப்பதும் அதன் இலக்குகள். பரிசோதிக்கப்பட்டவருக்கு அவரது நிலையைக் குறிக்கும் அட்டை ஒன்று தரப்படுகிறது. மணம் பேசுமுன் அட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பது நோக்கம்.

நோக்கம் நல்லதே. ஆயினும் குருதி இங்கே மீண்டும் மண உறவின் கேள்வியாகிவிடுவதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. வலியின் தாக்குதலைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை இருக்கிறது. கருவிலிருக்கும் குழந்தைக்குரிய ஹீமோகுளோபினை அது கூட்டுகிறது. அது கூடினால் இழைகள் உருவாவது குறைகிறது. அம்மாத்திரை மலைக்கிராமத்துச் சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் தவறாமல் கிடைக்காவிட்டால், கையிலிருக்கும் அட்டை இன்னொரு ஜாதகமாகவே மிஞ்சும்.

‘எங்கிருந்து வந்தாய்?’ என்று எழுபது ஆண்டுகளாக அந்தக் குருதியிடம் கேட்டிருக்கிறோம். ‘எங்கே வலிக்கிறது?’ என்பதை முதலில் கேட்டிருக்கலாம்.