புண்ணாக்கில் இருக்கும் புரதமும் கோழிக்குச் சேரும் புரதமும்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் பெரியபாளையம் சாலை வந்து சேரும் புதுவாயலுக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம் இருக்கிறது. இரும்பாலைகளுக்கே பெயர்பெற்ற அவ்வளாகத்தில், 1961-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தொடங்கப்பட்ட கெமின் நிறுவனத்தின் தெற்காசிய ஆலையும் கால்நடைத் தீவனச் சேர்க்கைப் பொருள்களைத் தயாரித்து வருகிறது. தீவனத்தில் சேர்த்த புரதத்தில் எவ்வளவு கோழியின் உடலில் சேர்கிறது என்ற கேள்வியும் இத்தகைய தொழிலுக்கு இடம் உண்டாக்கியது. அக்கேள்வியோ தமிழகத்தில் பண்ணைக் கோழி வளர்ப்பு வேரூன்றிய பின்னர்தான் பொருளுடையதாயிற்று.

புழக்கடைக் கோழி குப்பையைக் கிளறிப் புழுவும் சிந்திய தானியமும் தின்று வளர்ந்ததால், அதன் இரையை எவரும் அளந்ததில்லை. கூண்டிலும் கொட்டகையிலும் அடைபட்ட கோழிக்கோ எல்லாவற்றையும் மனிதனே கலந்து வைக்க வேண்டியிருந்தது. மக்காச்சோளமும் கம்பும் அரிசித் தவிடும் மாவுச்சத்தைத் தந்தன. புரதத்திற்குக் கடலைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு, கடற்கரையில் உலர்த்திய காரப்பொடி போன்ற சிறுமீன்களின் கருவாட்டுத்தூள் ஆகியவை சேர்க்கப்பட்டன. இவற்றின் தரத்தை மதிப்பிட்ட அளவுகோல் கச்சாப்புரதம். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோகான் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறைப்படி பொருளிலுள்ள நைட்ரஜனை அளந்து, புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன் உண்டு என்பதால் அதை 6.25-ஆல் பெருக்கிப் பெறும் எண் அது. அந்த நைட்ரஜன் புரதத்திலிருந்து வந்ததா என்று இம்முறை கேட்பதில்லை. 46 விழுக்காடு நைட்ரஜன் கொண்ட யூரியா உரம் இக்கணக்கில் 287 விழுக்காடு புரதமாகிவிடுவதால், கருவாட்டுத்தூளிலும் புண்ணாக்கிலும் யூரியா கலப்பது கலப்படக்காரர்களுக்கு எளிய வழியானது.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, அவை தின்ற பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை உண்டாக்கிய அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கண்டறியப்பட்டது. கடலைப் புண்ணாக்கின் மீது படிந்த ஐயம் பின்னர் விலகவே இல்லை. அதற்கு வேறொரு குறையும் உண்டு: தசை வளர்ச்சிக்கு இன்றியமையாத லைசின் என்ற அமினோ அமிலம் அதில் சோயாப் புண்ணாக்கில் உள்ளதன் ஏறத்தாழப் பாதியே. மத்தியப் பிரதேசத்தில் சோயா சாகுபடி பரவி எண்ணெய் ஆலைகள் பெருகிய பின், தமிழகத் தீவன ஆலைகள் சோயாவின் பக்கம் சாய்ந்ததற்கு இவ்விரு குறைகளுமே காரணங்கள்.

சோயாவுக்கும் அதற்கே உரிய சிக்கல் இருந்தது. பச்சைச் சோயாவைவிட வேகவைத்த சோயா எலிகளை நன்கு வளர்த்ததை ஆய்வாளர்களான ஆஸ்பர்னும் மெண்டலும் 1917-இலேயே காட்டியிருந்தனர். புரதத்தை வெட்டும் டிரிப்சின் என்னும் நொதியை முடக்கும் பொருள் சோயாவில் இருப்பதும், வெப்பம் அதை அழிப்பதும் பின்னர் தெளிவாயின. ஆனால் வெப்பம் மிகுந்தால் லைசின் சர்க்கரையோடு பிணைந்து, ஆய்வகத்தில் புரதமாகத் தெரிந்தாலும் கோழிக்குப் பயன்படாது போகிறது. ஆகவே சோயா குறைவாக வெந்ததை யூரியேஸ் சோதனையாலும், மிகையாக வெந்ததைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரையும் புரதத்தின் அளவாலும் அறிகின்றனர். ஒரே மூட்டைக்கு இரு திசையிலும் சோதனை வேண்டியிருப்பது, கச்சாப்புரதம் என்ற ஒற்றை எண்ணின் போதாமைக்குத் தக்க சான்று.

செரிமானத்தை அளப்பதும் எளிதன்று. பறவையின் எச்சத்தில் சிறுநீரின் யூரிக் அமிலமும் கலந்துவிடுகிறது. சிறுகுடல் முடியுமிடத்தில் உள்ள இரு முட்டுப்பைகளில் வாழும் நுண்ணுயிர்கள் செரியாத புரதத்தை உண்டு உருமாற்றிவிடுகின்றன. எச்சத்தைக் கொண்டு போட்ட பழைய கணக்குகள் இதனால் பிழைபட்டன. சிறுகுடலின் கடைப்பகுதியிலிருந்தே மாதிரியெடுத்து, செரிக்காத குறிப்பான் ஒன்றின் துணையால் அமினோ அமிலங்களைத் தனித்தனியே கணக்கிடும் முறை பின்னர் நிலைபெற்றது. இக்கணக்கில் நன்கு பதப்படுத்திய சோயாப் புண்ணாக்கின் புரதம் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் செரிக்கிறது. 80 விழுக்காட்டைத் தாண்டிய கச்சாப்புரதம் காட்டும் இறகுத்தூளோ, கெரட்டின் என்ற இறுகிய புரதத்தால் ஆனதால், உயர் அழுத்த நீராவியில் வேகவைக்கப்படாவிட்டால் பறவைக்குப் பெரிதும் பயனற்றது.

1990-களில் உடுமலை, பல்லடம் வட்டாரங்களில் ஒப்பந்த முறைக் கறிக்கோழி வளர்ப்பு பரவியபோது இவ்வறிவு பணமாக மாறியது. குஞ்சும் தீவனமும் நிறுவனத்தின் பொறுப்பு, கொட்டகையும் உழைப்பும் வளர்ப்பவரின் பொறுப்பு என்ற அவ்வேற்பாட்டில், தீவனச் செலவு முழுவதும் ஒரே கணக்கேட்டில் விழுந்தது. செரிக்காத புரதம் வெறும் நட்டமாக மட்டுமன்றி, முட்டுப்பைகளில் புளித்துத் தீய பாக்டீரியாவை வளர்ப்பதாகவும், கொட்டகைத் தரையில் அம்மோனியா நெடியாகவும் வெளிப்பட்டது. புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் நொதியைத் தீவனத்தோடு சேர்க்கும் வழக்கம் இந்தத் தேவையிலிருந்தே பிறந்தது. மலிவான, செரிமானம் குறைந்த புண்ணாக்குகளில் அதன் பயன் கூடுதல். ஏற்கெனவே நன்கு செரிக்கும் சோயாவில் அது குறைவு என்பதை விற்பனையாளர்கள் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2007-ஆம் ஆண்டுக் கோழித் தீவனத் தரநிலை, கறிக்கோழியின் மூன்று வளர்பருவங்களுக்கு முறையே 23, 22, 20 விழுக்காடு கச்சாப்புரதத்தை வகுத்தது. ஆலைகளின் கலவைக் கணக்கோ செரிமான லைசின், செரிமான மெத்தியோனின் என்ற அலகுகளுக்கு நகர்ந்துவிட்டது. செயற்கை அமினோ அமிலங்கள் கிடைப்பதால் கச்சாப்புரதத்தைக் குறைத்தும் அதே எடையை எட்ட முடிகிறது. கொள்முதல் வாசலில் லாரி நிற்கும்போதே அகச்சிவப்பு ஒளிக் கருவி புண்ணாக்கின் புரதத்தையும் அமினோ அமிலங்களையும் சில நிமிடங்களில் மதிப்பிட்டுத் தருகிறது. அவற்றில் எவ்வளவு செரிக்கும் என்று அதே கருவி மதிப்பிடும்போது, அந்த எண்ணுக்கு அடிப்படையாக இருப்பவை உயிருள்ள கோழிகளுக்கு இரையிட்டு நடத்திய பழைய சோதனைகளே.