மூன்று விரல்

நான் தாகேதாவில் பையனாக இருந்தபோது துவுன்னா மைதானத்தில் பர்மா கோல் போட்டால் எங்கள் தெருவே கத்தும்.

2021 மே 28, ஜப்பானின் சிபா நகரம். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஜப்பானிடம் 10-0 என்று பர்மா தோற்றது. ஹோட்டல் சமையற்கட்டில் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் கைதட்டினோம். பிப்ரவரி 1ல் ஆட்சியைப் பிடித்த ராணுவத்தின் அணி இது என்ற கோபம்.

ஆனால் அன்று தேசிய கீதத்தின்போது மாற்று கோல்கீப்பர் பியே லியான் ஆங் மூன்று விரலை உயர்த்தி நின்றார். ஜூனில் ஒசாகா விமான நிலையத்தில் ஊர் திரும்ப மறுத்தார். ஆகஸ்டில் ஜப்பான் அவரை அகதியாக ஏற்றது. அதற்கு முன்பே மலேசிய லீக்கில் இதே சைகைக்காக ஹெய்ன் டெட் ஆங்குக்கு ஒரு ஆட்டம் தடை.

விளையாட்டில் அரசியல் கூடாது என்கிறார்கள். சட்டையைப் பார்த்தே ஆளை முடிவு செய்த நானும் அரசியல்தானே செய்தேன்? அந்தக் கைதட்டல் இன்னும் உறுத்துகிறது நண்பர்களே.