'தமிழும்' என்பதில் உள்ள அந்த 'உம்'



இந்த வாரம் தரம் 8 பிள்ளைகளுக்கு 'ஒன்லி', 'ஒல்சோ' என்ற இரண்டு ஆங்கில வினையடைகளைப் படிப்பித்தோம். 'ஒன்லி' என்றால் 'மட்டும்'. 'ஒல்சோ' என்றால் 'உம்'. "அவ்வளவுதானா சேர்?" என்று ஒரு மாணவர் கேட்டார். பாடத்துக்கு அவ்வளவுதான். ஆனால் எங்கள் நாட்டில் முதல் சொல்லிலிருந்து இரண்டாவது சொல்லுக்கு வர 31 வருடங்கள் எடுத்தன.

1956 தேர்தலில் 'சிங்களம் ஒன்லி' என்ற முழக்கம் வென்றது. பண்டாரநாயக்க அரசாங்கம் அதே ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் ஆங்கிலப் பிரதி சிங்களத்தை 'வன்', அதாவது ஒரே, அரச கரும மொழி என்கிறது. சனங்கள் அதை 'ஒன்லி' என்றே அழைத்தார்கள். பிழையில்லை, 'ஒன்லி' என்ற சொல்லே 'வன்' என்பதிலிருந்து பிறந்ததுதான். தமிழ் பேசும் அரச ஊழியர்கள் சிங்களம் படித்துச் சித்தியடைய வேண்டி வந்தது. எங்கள் முஸ்லிம் தலைவர்களிலும் அந்தச் சட்டத்தை ஆதரித்தவர்கள் இருந்தார்கள். வீட்டில் தமிழ் பேசும் சமூகம் நாங்கள் என்பதால், இதையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1987இல் 13ஆம் திருத்தம் வந்தது. அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையில் சிங்களம் அரச கரும மொழி என்ற வரிக்குக் கீழே, தமிழ் 'ஒல்சோ' ஓர் அரச கரும மொழி என்று சேர்த்தார்கள்.

"பின்னால் ஒட்டிய சொல்தானே, இரண்டாம் இடம்தானே" என்று சிலர் மனம் நொந்து சொல்கிறார்கள். பின்னால் வந்தது உண்மை. ஆனால் இலக்கணம் என்ன சொல்கிறது? பாத்திமா 'ஏ' எடுத்தார். றிஸ்னாவும் 'ஏ' எடுத்தார். றிஸ்னாவின் 'ஏ' குறைந்த 'ஏ'யா? பழைய ஆங்கிலத்தில் 'ஒல்சோ' என்பதற்கு 'முழுக்க அப்படியே' என்பதுதான் பொருள்.

ஆகவே குறை அந்தச் சொல்லில் இல்லை, நடைமுறையில்தான். அண்மையில் ஓர் அலுவலகத்தில் எங்களுக்குச் சிங்களப் படிவம் மட்டுமே தந்தார்கள். தமிழ்ப் படிவம் கேட்டோம். "முடிந்துவிட்டது, இதையே நிரப்புங்கள்" என்றார்கள். வரிசையில் நின்ற ஒரு உம்மா, நிரப்பித் தரச் சொல்லி ஆள் தேடிக்கொண்டிருந்தார். 1987 தாண்டியும் அந்த மேசையில் இன்னும் 1956தான்.

சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும், தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. மறுத்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். சிங்களத்தையும் நன்றாகப் படிப்போம்; அது எங்கள் அயலவரின் மொழி. அதோடு அடுத்த முறை படிவம் வாங்கப் போகும்போது, "தமிழிலும் தாருங்கள்" என்று மரியாதையாகக் கேட்போம். கேட்காமல் விட்டால் அந்த 'உம்' புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும்.