ஓசூர் – கிருஷ்ணகிரி ஆசிரியர்களின் உடல்நலமும் வாழ்க்கைத்தரமும்

தர்மபுரியிலிருந்து 2004 பிப்ரவரி 9 அன்று பிரிந்து உருவானது கிருஷ்ணகிரி மாவட்டம். அதன் மேற்கு விளிம்பில், கர்நாடக எல்லையான அத்திப்பள்ளிக்கு அருகே இருக்கிறது ஓசூர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என ஆலைகள் பெருகி, 2019இல் ஊர் மாநகராட்சி ஆனது. ஆலைத் தொழிலாளியின் உடம்பைக் கவனிக்க இங்கே சட்டம் உண்டு. அந்தத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பாடம் நடத்துபவரின் உடம்பைக் கவனிக்க அப்படி ஒரு ஏற்பாடு இல்லை.

குரல்

ஆசிரியரின் முதல் கருவி தொண்டை. பேசும்போது பெண்களின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறையும், ஆண்களின் குரல்நாண்கள் அதில் ஏறக்குறைய பாதியும் அதிர்கின்றன. நாளெல்லாம் உரக்கப் பேசினால் அவை வீங்கும். ஓய்வு கிடைக்காவிட்டால் முடிச்சு விழும். தொண்டை கட்டுவது, குரல் கம்முவது, சாயங்காலத்தில் பேச்சே எழும்பாமல் போவது எல்லாம் இதன் படிகள். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தம்மையறியாமலே குரலை உயர்த்துவார் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் எடுத்துக்காட்டினார். லாரிகள் ஓயாத தேசிய நெடுஞ்சாலை 44ஐ ஒட்டிய வகுப்பறையில் அது தினமும் நடக்கிறது.

அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையாவது குரல் கோளாறு கண்டவர்கள் ஆசிரியர்களில் 57.7 விழுக்காடு, மற்றவர்களில் 28.8 விழுக்காடு. இங்கே இன்னொரு சுமையும் உண்டு. ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம், உருதும் உண்டு. ஆலை வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் அதே பெஞ்சில் உட்கார்கிறார்கள். ஒரு வாக்கியத்தை மூன்று விதமாக, மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. தேய்மானம் முழுவதும் தொண்டைக்குத்தான்.

கால், முதுகு, தண்ணீர்

நின்றுகொண்டே பாடம் நடத்துவதால் கால் நரம்புச் சுருட்டு, குதிகால் வலி, இடுப்பு வலி வருகின்றன; தோளுக்கு மேல் கையைத் தூக்கிக் கரும்பலகையில் எழுதுவதால் தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப்பதிவும் மற்ற விவரங்களும் ஏற்றுகிற வேலை வந்தபின் கழுத்துக்கும் ஓய்வில்லை. மாவட்டத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். உள்ளூரிலேயே ஆண்டுக்கணக்கில் அந்த நீரைக் குடித்தவர்களுக்கு மூட்டு இறுக்கமும் சேர்ந்துகொள்ளும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது இதைத் தடுக்கத்தான்.

அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் போன்ற மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு ஓசூரிலிருந்தோ தேன்கனிக்கோட்டையிலிருந்தோ போகிறவர்களுக்குப் பயணமே ஒரு நோய்க்காரணம். யானை நடமாட்டமுள்ள காட்டுச்சாலை, எண்ணி வருகிற பேருந்து. வழியில் கழிப்பறை கிடைக்காது என்பதால் ஆசிரியைகள் காலையில் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். பையில் வைத்த பாட்டில் மாலையில் பாதிக்கு மேல் நிறைந்தே வீடு திரும்பும். நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் அதன் விளைவு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பெடுத்தால் மற்றவருக்கு ஐந்து வகுப்பு என்பதால், காய்ச்சலோடு பள்ளிக்கு வருவதும் வழக்கமாகிவிட்டது.

வாழ்க்கைத்தரம்

உலக சுகாதார நிறுவனத்தின் சுருக்க வினாப்பட்டியல் உடல், மனம், உறவு, சுற்றுச்சூழல் என்ற நான்கு தளங்களில் 26 கேள்விகளால் வாழ்க்கைத்தரத்தை அளக்கிறது. தூக்கம், பணப் போதாமை, போக்குவரத்து, மருத்துவ வசதி எல்லாம் அதில் வருகின்றன. இந்தக் கணக்கில் ஆசிரியர் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. அரசு ஆசிரியருக்குக் காப்பீடு உண்டு, ஆனால் அது நோய் முற்றியபின் மருத்துவமனைச் செலவுக்கு உதவுவது. தனியார் பள்ளி ஆசிரியரும், 2012இல் 5,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் அரசுப் பள்ளிகளில் சேர்க்கப்பட்ட பகுதிநேர ஆசிரியரும் அதைவிடக் குறைந்த பாதுகாப்பில் உழைக்கிறார்கள். அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020இல் 59, 2021இல் 60 என உயர்ந்ததால் சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு வகுப்பில் நிற்கும் ஆண்டுகளும் நீண்டுள்ளன.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் நல்ல திட்டம். ஆனால் பகலில் திட்டப் பணியாளர்கள் வரும் நேரத்தில் ஆசிரியர் வீட்டில் இருப்பதில்லை.

சட்டம்

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோயாக இடம்பெற்றது. அதில் ஆசிரியரின் குரலிழப்பு இல்லை. போலந்து நாடு அதைத் தொழில்நோயாக ஏற்றிருக்கிறது. ஆசிரியருக்கு இலவசமாகக் குறித்த கால மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 1966 அக்டோபர் 5 அன்றே பரிந்துரைத்தன. உலக ஆசிரியர் நாள் கொண்டாடப்படுவது அந்த நாளை ஒட்டித்தான். கிருஷ்ணகிரியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அதன் காது மூக்கு தொண்டை மருத்துவர்களை ஒன்றியம் ஒன்றியமாக அனுப்பி, ஆசிரியர்களின் குரலையும் காலையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.