பாளையம்பட்டியிலிருந்து ஜெனீவா வரை

பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று நீளும் நம் வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கண்மாய் வற்றும். கண்மாய் வற்றினால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதும், பிள்ளைகளை வெளியூர் மில் வேலைக்கு அனுப்புவதும்தான் பல குடும்பங்களுக்கு வழி. இங்கே வந்து ஐ.நா., ஜெனீவா என்று பேசினால், "தாலுகா ஆபீஸிலேயே நம் மனு நகரவில்லை, ஜெனீவாவில் யார் கேட்கப் போகிறார்கள்?" என்று மக்கள் கேட்பது இயல்பே. நியாயமான இந்தக் கேள்விக்கு நாம் விடை தேடுவோம்.

யார் மனித உரிமைக் காப்பாளர்?

1998 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொது அவை மனித உரிமைக் காப்பாளர்கள் பற்றிய அறிக்கையை ஏற்றுக்கொண்டது. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 50வது ஆண்டு நிறைவுக்கு அது முந்தின நாள். தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ, அமைதியான வழியில் மனித உரிமைகளுக்காகப் பாடுபடும் எவரும் காப்பாளரே. பதவியோ அடையாள அட்டையோ தேவையில்லை. அடிபட்ட பக்கத்து வீட்டுக்காரரோடு காவல் நிலையத்துக்குத் துணைக்குச் செல்லும் பெண்ணும் காப்பாளர்தான். அனைத்துலக அமைப்புகளோடு தடையின்றித் தொடர்பு கொள்ளவும் இந்த அறிக்கை உரிமை தருகிறது.

பயிற்சி எதற்கு?

உரிமை இருந்தால் போதாது, வழியும் தெரிய வேண்டும். கிழக்குத் திமோரை இந்தோனேசியா 1975 இல் கைப்பற்றியபோது, ஹோசே ராமோஸ் ஹோர்தா ஐ.நா.வில் தம் மக்களுக்காகப் பேசிய இளைஞர். பெரிய நாடுகளின் கதவுகளைத் தட்டித் தட்டித்தான் அவர் அந்த வேலையைக் கற்றார். தாம் பட்ட பாட்டை மற்றவர்களும் பட வேண்டாம் என்று, 1989 இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், ஆசிய பசிபிக் நாடுகளின் காப்பாளர்களுக்கென ராஜதந்திரப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். 1996 இல் அவர் நொபெல் அமைதி விருதைப் பகிர்ந்துகொண்டார். 2002 இல் அவரது நாடு விடுதலை பெற்றது. நமக்கு அருகில், மதுரையில் 1995 இல் தொடங்கப்பட்ட மக்கள் கண்காணிப்பகம் இத்தகைய பயிற்சிகளைத் தமிழிலேயே நடத்திய அனுபவம் உடையது.

மூன்று வாசல்கள்

முதல் வாசல், ஒப்பந்தக் குழுக்கள். குடிமை, அரசியல் உரிமைகள் ஒப்பந்தத்தை இந்தியா 1979 இல் ஏற்றது. பெண்களுக்கான ஒப்பந்தத்தை 1993 இல் ஏற்றது. அரசு தன் அறிக்கையைத் தரும்போது, மக்கள் அமைப்புகள் மாற்று அறிக்கை தரலாம். ஆனால் தனிநபர் முறையீட்டுக்கான கூடுதல் நெறிமுறைகளை இந்தியா ஏற்காததால், இக்குழுக்களிடம் தனி ஒருவர் வழக்காகச் செல்ல இயலாது.

இரண்டாவது, அனைத்து நாடுகளுக்குமான காலமுறை ஆய்வு. இந்தியா 2008, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆய்வுக்கு உள்ளானது. ஓர் அமைப்பு தனியே தரும் அறிக்கைக்கு 2,815 சொற்களும், பல அமைப்புகள் கூடித் தரும் அறிக்கைக்கு 5,630 சொற்களும் வரம்பு. சுருங்கச் சொல்லத் தெரியாவிட்டால் இந்த வாசலில் நுழைய முடியாது.

மூன்றாவது, சிறப்பு அறிக்கையாளர்கள். உள்ளூர் நீதிமன்றங்களில் எல்லாம் முடிந்த பிறகுதான் இவர்களிடம் போக வேண்டும் என்பதில்லை. இவர்கள் அரசுக்கு நேரடியாகக் கடிதம் எழுதி விளக்கம் கேட்பார்கள். 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தபோது, அம்மாத இறுதிக்குள்ளேயே ஐ.நா. வல்லுநர்கள் வெளிப்படையாகக் கண்டனம் தெரிவித்தார்கள். தூத்துக்குடி நமக்கு எவ்வளவு தூரம்?

மில்லுக்குப் போன பிள்ளைகள்

நம் வீடுகளைத் தொட்ட இன்னொரு செய்தியும் உண்டு. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், மூன்று ஆண்டுகள் வேலை செய்தால் திருமணத்துக்கு மொத்தப் பணம் கிடைக்கும் என்று இளம்பெண்களைப் பஞ்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார்கள். நீண்ட வேலை நேரம், விடுதியை விட்டு வெளியே போகத் தடை, பாதியில் நின்றால் பணம் இல்லை என்ற நிலை பலருக்கு இருந்தது. அவர்கள் சொன்னவற்றை உள்ளூர் அமைப்புகள் பதிவு செய்தன. 2011 இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரு அமைப்புகள் அதை அறிக்கையாக வெளியிட்டன. அந்த நூலில் நெய்த ஆடைகளை வாங்கும் ஐரோப்பிய நிறுவனங்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. விடுதி அறைக்குள் அழுத குரல் ஐரோப்பியக் கடைத்தெரு வரை எட்டியதற்குக் காரணம், யாரோ ஒருவர் அதைக் கேட்டு ஒழுங்காக எழுதி வைத்ததே.

முதல் பாடம்: எழுதி வைப்பது

எனவே பயிற்சி ஆங்கிலத்தில் தொடங்குவதில்லை, நோட்டுப் புத்தகத்தில் தொடங்குகிறது. என்ன நடந்தது, எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், யார் செய்தது, யார் பார்த்தது? கண்ணால் கண்டது எது, காதால் கேட்டது எது? மருத்துவச் சான்று, முதல் தகவல் அறிக்கை, கொடுத்த மனுவின் ரசீது எங்கே? இவற்றோடு எந்த உரிமை மீறப்பட்டது, அரசு என்ன செய்ய வேண்டும் என்று சேர்த்தால் முறையீடு தயார். ஒன்றைக்கூட மிகைப்படுத்தக் கூடாது. ஒரு தகவல் பொய்யானால் மற்ற ஒன்பதும் நம்பப்படாது.

பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கட்டாயம். பெயர் வெளிவந்தால் ஊரில் அவருக்கு என்ன நேரும் என்பதை முதலில் அவரோடு பேச வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அதுவே முடிவு.

எல்லையும் ஆபத்தும்

உண்மையை மறைக்க வேண்டாம். ஜெனீவாவிடம் காவல்படை இல்லை. சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தில் இந்தியா 1997 இல் கையெழுத்திட்டது. அதை முழுமையாக ஏற்கும்படி ஒவ்வொரு காலமுறை ஆய்விலும் பல நாடுகள் கேட்டும், இன்னும் ஏற்கவில்லை. ஆபத்தும் உண்டு. திருச்சிப் பகுதியின் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசி மக்களுக்காக உழைத்த இயேசு சபை அருள்தந்தை ஸ்டான் சுவாமி, 2020 அக்டோபர் 8 அன்று தம் 83வது வயதில் கைது செய்யப்பட்டார். தம் மீதான குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். நடுக்குவாத நோயோடு சிறையில் இருந்த அவர், பிணை கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று இறந்தார். அவரைச் சிறை வைத்தது தன்னிச்சையானது என்று ஐ.நா. பணிக்குழு கூறியது அவர் இறந்த பிறகுதான்.

அப்படியானால் என்ன பயன்? பதிவு நிற்கிறது. நடந்ததை நடக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

திருத்தந்தை 23ம் யோவான் 1963 இல் வெளியிட்ட 'அவனியில் அமைதி' சுற்றுமடல், மனித உரிமைகளைக் கடமைகளோடு சேர்த்தே பேசியது. லூக்கா நற்செய்தியில் வரும் கைம்பெண்ணையும் நாம் அறிவோம். நேர்மையற்ற நடுவரிடம் அவர் ஒருமுறை சென்று திரும்பிவிடவில்லை, நீதி கிடைக்கும் வரை சென்றுகொண்டே இருந்தார். அவரோடு துணைக்குச் சென்றவர் எவரும் கதையில் இல்லை. நம் ஊரில் அப்படி ஒருவர் தனியே நடக்கும்போது, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நாம் உடன் செல்வோமா?