பெயரில்லாமல் பிறந்த 16 வரிகள்

இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரத்துப் புத்தக வியாபாரி ஒருவருக்கு 1849-இல் பிறந்தவர் வில்லியம் எர்னஸ்ட் ஹென்லி. 12 வயதில் எலும்பைக் காசநோய் பிடித்தது. இருபதை எட்டுகிற பருவத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நோய் அத்தோடு விடவில்லை, வலது பாதத்துக்கும் தாவியது. அதையும் வெட்டினால்தான் உயிர் தங்கும் என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். ஹென்லி சம்மதிக்கவில்லை. ஸ்காட்லாந்தில் ஒரு டாக்டர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார்.

அந்த டாக்டர் ஜோசப் லிஸ்டர். கத்திக்குத் தப்பிய நோயாளிகளைப் புண்ணின் சீழ் கொன்றுகொண்டிருந்த காலம் அது. புண்ணைக் கார்பாலிக் அமிலத்தால் கழுவிக் கட்டினால் சீழ் பிடிக்காது என்று 1867-இல் அவர் எழுதியபோது, சக மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. 1873 ஆகஸ்டில் ஹென்லி எடின்பரோ மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். லிஸ்டர் காலைப் பரிசோதித்தார். வெட்டாமல் காப்பாற்றிப் பார்ப்பது என்று முடிவெடுத்தார். ஆனால் அதற்கு நாள் பிடிக்கும்.

ஏறத்தாழ 20 மாதங்கள் பிடித்தன. கட்டிலில் கிடந்தபடியே ஹென்லி புத்தகங்களைப் படித்துத் தள்ளினார். வார்டையும் நர்சுகளையும் கத்தியையும் பற்றிக் கவிதை எழுதி லண்டனின் கார்ன்ஹில் இதழுக்கு அனுப்பினார். 1875 பிப்ரவரியில் இதழாசிரியர் லெஸ்லி ஸ்டீபன் அவரைப் பார்க்க வந்தார். கூடவே ஒல்லியான உள்ளூர் இளைஞன் ஒருவனையும் அழைத்து வந்தார்.

சின்ன அறை, இரண்டே கட்டில்கள். ஒன்றில் நோயாளிக் குழந்தைகள் இருவர். மற்றதில் தலைமுடியும் தாடியும் கலைந்து கிடக்க, அரண்மனையில் வீற்றிருப்பவர் போல உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார் ஹென்லி. இளைஞன் அசந்துபோனான். அதன்பின் அடிக்கடி வந்தான். வசந்தத்தில் ஒருநாள் அவரை நீண்ட மாடிப்படி வழியே தூக்கி இறக்கிக் குதிரைவண்டியில் ஏற்றி, செர்ரி மரங்கள் பூத்திருந்த வெளியுலகத்தைக் காட்டினான். அவன் பெயர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். அந்த நட்பால் பின்னால் இலக்கியத்துக்கும் பெரிய லாபம் கிடைத்தது. ஒற்றைக்கால் கடற்கொள்ளையன் ஜான் சில்வர் வரும் 'புதையல் தீவு' நாவல் புத்தகமாக வெளிவந்த 1883-இல், அவனைப் படைக்கத் தூண்டியது ஹென்லியின் ஊனமும் மிடுக்குமே என்று ஸ்டீவன்சனே அவருக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார்.

அதே 1875-இல், வலது கால் பிழைத்துவிட்ட நிலையில், ஹென்லி இன்னொரு கவிதையும் எழுதினார். 4 பத்திகள், 16 வரிகள். மரணம் எதிரே நிற்கிறது என்று தெரிந்தும் அஞ்சாத ஒருவன், தன் வாழ்வுக்குத் தானே பொறுப்பேற்கும் கவிதை. எழுதியவர் அதற்குத் தலைப்பு வைக்கவில்லை. 13 ஆண்டுகள் கழித்து, 1888-இல் வந்த தொகுப்பிலும் அது தலைப்பில்லாமலேதான் இருந்தது.

அதை மறுபிரசுரம் செய்த பத்திரிகைகள் ஆளுக்கொரு தலைப்பு வைத்துப் பார்த்தன, எதுவும் நிலைக்கவில்லை. இதற்கிடையே 1894-இல் ஹென்லியின் ஒரே மகள் 5 வயதில் இறந்தாள். சாவை அஞ்சாதவரை அந்தச் சாவு உலுக்கிப் போட்டது. 1900-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்காக ஆங்கிலக் கவிதைகளைத் தொகுத்த ஆர்தர் குயிலர்-கூச், அனாதையாகக் கிடந்த அந்த வரிகளின் தலையில் ஒரு லத்தீன் சொல்லைச் சூட்டினார். மூன்றே ஆண்டுகளில் ஹென்லி காலமானார். சூட்டிய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பின்னாளில் ராபன் தீவுச் சிறையில் நெல்சன் மண்டேலா சக கைதிகளுக்குச் சொல்லிக்காட்டியது அந்தக் கவிதையைத்தான். 2014 செப்டம்பரில், போரில் உறுப்பிழந்தும் காயம்பட்டும் திரும்பிய வீரர்கள் லண்டனில் ஓடவும் நீந்தவும் கூடியபோது, இளவரசர் ஹாரி தொடங்கிய அந்தப் போட்டிக்கு வைத்த பெயரும் அதுவே: இன்விக்டஸ். வெல்லப்படாதவன்.

யார் தயவும் தேவையில்லை என்று முழங்குகிற கவிதை அது. ஆனால் அது பிறக்க ஒரு டாக்டரின் பிடிவாதமும் கார்பாலிக் அமிலமும் வேண்டியிருந்தன. ஊர் சொல்லி அழைக்க ஒரு பெயர் கிடைத்ததும் வேறொருவர் கையால்தான்.