வீட்டுக்குள் வந்த கோபுரம்

2010 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், லண்டன் புறநகரொன்றில் என் அக்காவின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அந்த வீட்டிற்குள் கையடக்கத் தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைத்த இடம் ஒன்றே ஒன்றுதான்: மாடிப்படியின் நான்காவது படி. ஊரிலிருந்து அழைப்பு வரும் வேளைகளில் அக்கா போர்வையைப் போர்த்திக்கொண்டு அந்தப் படியிலேயே காத்திருப்பார். சேவை வழங்கிய நிறுவனத்திடம் முறையிட்டோம். சிறு பெட்டியொன்றை விலைகொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

பெம்டோசெல் எனப்பட்ட அந்தப் பெட்டியின் வரலாற்றைத் தேடியபோது, இங்கிலாந்தின் பாத் நகரில் 2000 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிக்கோசிப் என்னும் சிறு நிறுவனத்திடம் வந்து சேர்ந்தேன். நூற்றுக்கணக்கான நுண் செயலிகளை ஒரே சில்லில் அடுக்குவதே அவர்களது கைவண்ணம். முதலில் அச்சில்லுகளைப் பெரிய தளநிலையங்களுக்கே விற்க முயன்றனர். ஆனால், அந்தச் சந்தையில் வாங்குவோர் ஒரு சிலரே. கோபுரங்களை ஆயிரக் கணக்கில் எண்ணலாம். வீடுகளையோ கோடிக் கணக்கில் எண்ண வேண்டும். நிறுவனம் வீட்டின் பக்கம் திரும்பியது. (பெம்டோ என்பது பிக்கோவின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெயரை மாற்றாமல் விட்டார்கள்!)

3ஜி அலைகள் சுவர்களை ஊடுருவும்போது பெரிதும் வலுவிழக்கின்றன. பெட்டியோ மிகக் குறைந்த வலுவில் வீட்டிற்குள்ளேயே ஒலிபரப்பி, அழைப்பை வீட்டு இணைய இணைப்பின் வழியே தொலைபேசி நிறுவனத்திடம் சேர்ப்பிக்கும். 2007 இல் பெம்டோ போரம் என்ற தொழிற்றுறை அமைப்பு உருவாகியது. 2008 இல் அமெரிக்காவின் ஸ்பிரின்ட் தன் பெட்டியை நாடளாவிய ரீதியில் விற்றது. 2009 இல் பிரித்தானியாவில் வொடபோன் 160 பவுணுக்கு விற்றது. ஏ.டி. அன்ட் ரி. நிறுவனம் 2010 இல் நாடெங்கும் விற்பனை செய்த பெட்டியின் விலை 150 டொலர். அதனுள்ளே இருந்தது பிக்கோசிப் சில்லு.

கோபுரம் எழுப்புவது நிறுவனத்தின் கடமை என்றே நாம் எண்ணியிருந்தோம். இங்கோ பெட்டிக்கும், மின்சாரத்திற்கும், இணையத்திற்கும் வாடிக்கையாளரே பணம் கொடுத்தார். ஏ.டி. அன்ட் ரி. இன்னும் ஒருபடி மேலே போயிற்று. தனிக் கட்டணம் செலுத்தாதவர்கள் தமது பெட்டியூடாகப் பேசிய நிமிடங்களும் மாதாந்தக் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டன. தன் கிணற்றில் அள்ளிய தண்ணீருக்கு அயலவனுக்குக் காசு கொடுத்த கதை!

குவால்கொம், புரோட்கொம் போன்ற பெருநிறுவனங்களும் விரைவிலேயே களத்தில் இறங்கின. 2012 இல் மைண்ட்ஸ்பீட் நிறுவனம் ஏறத்தாழ 5 கோடி டொலருக்குப் பிக்கோசிப்பை வாங்கியது. ஈராண்டுகளில் அந்தப் பிரிவு இன்டெலின் கைக்கு மாறியது. ஆனால், வீட்டுப் பெட்டியைப் பெரும்பாலும் வீழ்த்தியது வேறொரு சில்லு அன்று. 2014 இல் ஐபோனிலும் சேர்க்கப்பட்ட, வைபை வழியே பேசும் வசதிதான் அது. அதற்குப் பெட்டியே வேண்டியதில்லை.

2022 பெப்ரவரியில் ஏ.டி. அன்ட் ரி. தன் 3ஜி வலையமைப்பை மூடியபோது, வீடுகளில் எஞ்சியிருந்த அதன் பெட்டிகளும் செயலிழந்தன. அக்கா வாங்கிய பெட்டி அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே பரணுக்குப் போய்விட்டது. அக்கா இப்போது குசினியிலிருந்தே பேசுகிறார்.